வடகோடி ஏரியிலே ஆடி மாதத் தூண்டில்

(பழைய மாணவர் ஒன்றுகூடலின் இரண்டாம் நாள் காலை அமர்வில், 1977ஆம் ஆண்டு விலங்கியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, பேச்சாளரால் திருத்தப்பட்டது.)



நமது செயலாளர் போனில் கூப்பிட்டு, "கனடாவிலேயே நாற்பது வருஷமா இருக்கியே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். கனடாவைப் பற்றி இருபது நிமிஷத்தில் என்ன பேசுவது? குளிர் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். விசா, வேலை வாய்ப்பு பற்றியெல்லாம் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள். ஆகவே, எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயமான மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "ஸூவாலஜிக்காரன் வேற எதைப் பேசுவான்" என்று அவரும் விட்டுவிட்டார்.

நான் வின்னிபெக் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஜூலை, ஆகஸ்ட் அங்கே பள்ளி விடுமுறை. நம்ம ஊர்க் கணக்கில் ஆடி மாதம். அந்த மாதத்தில் ஒரு வாரம், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்டாரியோ மாநிலத்தின் வடமேற்குப் பக்கம் ஏதாவது ஓர் ஏரி கேம்புக்குப் போய்விடுவோம். இருபது வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. என் மனைவியிடம் கேட்டால் கணக்குச் சரியாகச் சொல்வார்.

அந்தப் பக்கத்து நிலத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒன்டாரியோவில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் ஏரிகள். நாம் நினைக்கிற கரை கட்டின ஏரி கிடையாது. பனியாறுகள் பல்லாயிரம் வருஷம் முன்னால் பின்வாங்கியபோது பாறையைச் சுரண்டிக் குழி பறித்துவிட்டுப் போயின. அந்தக் குழிகளில் நின்ற தண்ணீர்தான் ஏரி. சுற்றிலும் பழங்காலத்துக் கரும்பாறை, அதன் மேல் ஓரடி மண், அந்த மண்ணில் ஸ்ப்ரூஸ் மரங்கள். பாறையிலிருந்து சத்து அதிகம் கரையாது. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்கும், அதில் மீன் மெதுவாக வளர்வதற்கும் காரணம் ஒன்றேதான்.

வின்னிபெக்கிலிருந்து ஐந்தாறு மணி நேரம் காரில் போனால் ரெட் லேக் என்ற ஊர் வரும். நெடுஞ்சாலை அங்கே முடிந்துவிடும். அதற்கு மேல் தண்ணீரில் இறங்குகிற விமானம்தான். பெரும்பாலும் டிஹாவிலண்ட் பீவர். 1947ல் முதன்முதலாகப் பறந்தது, 1967 வரைக்கும்தான் தயாரித்தார்கள். நாம் காலேஜில் சேர்வதற்கு முன்னாலேயே கம்பெனி கட்டிய விமானத்தில் இன்றைக்கும் ஏறிப் போகிறோம். ஏறுவதற்கு முன்னால் நம் பையை எடை போடுவார்கள். நம்மையும் எடை போடுவார்கள். அந்தத் தராசின் முன்னால் எல்லோரும் கொஞ்சம் மூச்சை உள்ளே இழுத்துக் கொண்டு நிற்பார்கள், ஏதோ அதனால் எடை குறைகிற மாதிரி.

இறங்குகிற இடத்தை 'லாட்ஜ்' என்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற லாட்ஜை நினைத்துக் கொள்ளாதீர்கள். ஏரிக்கரையில் ஐந்தாறு மரக்குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு படகுத்துறை, அவ்வளவுதான். இன்னும் உள்ளே போனால் ஒரே ஒரு குடில் மட்டும் இருக்கும். விமானம் நம்மை இறக்கிவிட்டுப் போய்விடும், வாரக் கடைசியில் திரும்பி வரும். இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும். பத்து மணிக்குக் கூட வெளியே உட்கார்ந்து தினத்தந்தி படிக்கலாம், கொசு விட்டால். அது விடாது. ஜூன் மாதத்தில் ஓடுகிற தண்ணீரில் பிறக்கிற கறுப்பு ஈ, ஜூலையில் கொசு, வெயில் ஏறினால் மாட்டு ஈ. தலையிலிருந்து கழுத்து வரை வலை போட்ட தொப்பி ஒன்று விற்கிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்துச் சிரிக்கிறவன் இரண்டாம் நாள் கடன் கேட்பான்.

சரி, மீனுக்கு வருகிறேன். முக்கியமாக மூன்று மீன். ஒன்று பிக்கரல்; அமெரிக்கர்கள் இதையே வேறு பெயரில் 'வால்ஐ' என்பார்கள். பூனைக் கண் மாதிரி இருட்டில் மின்னும் கண். அதனால் சாயங்கால வெளிச்சத்தில்தான் நன்றாகக் கடிக்கும். ருசிக்கு இதுதான் ராஜா. இரண்டாவது நார்தர்ன் பைக். நீர்ப்பாசிக்குள் அசையாமல் கிடந்து, வருகிறதைப் பாய்ந்து பிடிக்கும். பல்லைப் பார்த்தால் நம்ம ஊர் ஷீலா மீனே பயந்துவிடும். தங்கூசியைக் கடித்து அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு முழம் கம்பி கட்ட வேண்டும். மூன்றாவது லேக் டிரவுட். இன்றைக்கு நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

பனிக்கட்டி உடைந்ததும், மே மாதக் கடைசியில், ஏரி முழுக்க ஒரே குளிர். அப்போது டிரவுட் கரையோரத்திலேயே திரியும். ஜூலை வந்தால் மேல் தண்ணீர் இருபது டிகிரிக்குச் சூடாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் லேசானது, மேலேயே நிற்கும். குளிர்ந்தது கனமானது, கீழே தங்கும். இரண்டுக்கும் நடுவில் சில மீட்டருக்குள் வெப்பம் சடாரென்று இறங்குகிற ஒரு அடுக்கு. படகில் உட்கார்ந்து ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினால் நீங்களே பார்க்கலாம். டிரவுட்டுக்குப் பிடித்தது பத்து டிகிரியை ஒட்டிய தண்ணீர். ஆகவே கோடையில் அது அந்த அடுக்குக்குக் கீழே போய்விடும். நாம் ஈயக்குண்டு கட்டி அறுபது எழுபது அடி இறக்க வேண்டும். இன்னும் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே கிடக்கிற கிரேட் பேர் ஏரி மாதிரி இடங்களில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே ஜூலையில்கூடப் பனிக்கட்டி மிதக்கும்; டிரவுட் மேலேயே கிடைக்கும். தூண்டிலில் பிடிபட்ட டிரவுட்டில் உலக சாதனை அங்கே 1995ல் கிடைத்த 72 பவுண்டு மீன்தான். நான் அங்கே போனதில்லை. வாத்தியார் பென்ஷனில் போகிற இடமில்லை அது.

இந்த மீனுக்கு என்ன வயசு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கத்தாளை மீன் தலையில் கல் இருக்கும், சின்ன வயசில் நாமெல்லாம் எடுத்து வைத்து விளையாடியிருக்கிறோம். அந்தக் காதுக்கல் எல்லா முள்மீனுக்கும் உண்டு, அளவுதான் வித்தியாசம். அதை அறுத்துத் தேய்த்துப் பார்த்தால் மரத்தில் இருக்கிற மாதிரி வருஷ வளையம் தெரியும். ஓட்டோலித் என்று பிராக்டிகல் ரெக்கார்டில் படம் வரைந்தோமே, அதே சமாச்சாரம். நம்ம ஊர்க் குளத்தில் ரோகு மீன் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ வந்துவிடும். அங்கே டிரவுட் முட்டையிடுகிற பருவத்துக்கு வரவே பல இடங்களில் பத்து வருஷம், அதற்கு மேலும் ஆகிறது. வந்த பிறகும் வருஷா வருஷம் முட்டையிடும் என்று நிச்சயமில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய டிரவுட்டுகளை வடக்கே கண்டிருக்கிறார்கள். பெரிய மீன் ஒன்று படகோரம் வந்து பார்க்கிறபோது, நாம் இங்கே ஹாஸ்டல் மெஸ்ஸில் வரிசையில் நின்றபோதே இது அந்த ஏரியில் நீந்திக் கொண்டிருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இப்படிப்பட்ட மீனை வருகிறவன் போகிறவன் எல்லாம் ஐஸ் பெட்டியில் அடைத்து எடுத்துப் போனால் நாலு கோடையில் ஏரி காலி. ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டோ எடுத்தார்கள்: கயிற்றில் இருபது மீன், பின்னால் சிரித்துக் கொண்டு நாலு ஆள். பின்பு கேம்ப் நடத்துகிறவர்களே விழித்துக் கொண்டு, பிடித்த பெரிய மீனைத் திரும்ப விட வேண்டும் என்று விதி வைத்தார்கள். சட்டமும் வந்தது. எங்கள் மானிடோபாவில் முள்ளின் நுனிக்குக் கீழே திரும்பி நிற்குமே ஒரு குட்டி முள், அதை நசுக்கிவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டும் என்று 1990ல் கட்டாயமாக்கினார்கள். மீன் வாயிலிருந்து சுலபமாகக் கழலும் என்பதற்காக. இங்கே தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் 2017 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம் இருக்கிறதல்லவா, அதே எண்ணம்தான், வழி வேறு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திரும்ப விடுவது அவ்வளவு எளிதான தர்மம் இல்லை. இங்கே ஸூவாலஜிக்காரர்கள் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள்: ஃபைசோஸ்டோமஸ், ஃபைசோகிளிஸ்டஸ் என்று இரண்டு வகை காற்றுப்பை. டிரவுட்டுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. ஆழத்திலிருந்து இழுத்தால் ஏப்பம் விடுகிற மாதிரி காற்றை வெளியே விட்டுவிடும். படகோரத்தில் குமிழ் குமிழாக வருவது கண்ணுக்கே தெரியும். பிக்கரலுக்கு அந்தக் குழாய் கிடையாது. முப்பது நாற்பது அடிக்குக் கீழேயிருந்து இழுத்தால் காற்றுப்பை ஊதி, சமயத்தில் வயிறே வாய் வழியாகப் பிதுங்கி வரும். அதைத் தண்ணீரில் விட்டால் மல்லாந்து மிதக்கும்; கழுகு கொத்திக் கொண்டு போகும். டிரவுட்டுக்கு ஏப்பம் வரும், ஆனால் ஆடி மாதச் சூட்டுத் தண்ணீர் ஆகாது. எட்டு டிகிரியிலிருந்து இருபது டிகிரிக்கு இழுத்து, பத்து நிமிஷம் போராட வைத்து, காய்ந்த கையால் தூக்கி, போட்டோவுக்கு மூன்று தடவை சிரித்து, பிறகு "போய் வா மகனே" என்று விட்டால் அது போகிறது, வாஸ்தவம். போய் எங்கே விழுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இதை எனக்கு உறைக்கச் சொன்னது ஒரு கைடு. அனிஷினாபே இனத்தைச் சேர்ந்தவர், அப்போதே அறுபது தாண்டியவர். பெயர் வேண்டாம், அவருக்கு மேடையில் பெயர் வருவது பிடிக்காது. அங்கே கைடு என்றால் படகோட்டி மட்டும் இல்லை. பாறை எங்கே, காற்று எந்தப் பக்கம் திரும்பும், மத்தியானம் எந்தத் தீவில் அடுப்பு மூட்டலாம் எல்லாம் அவர்தான். மத்தியானச் சாப்பாடு கரையில்தான். காலையில் பிடித்த பிக்கரலை நாலே வெட்டில் முள் நீக்கி, இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பைக் காய்ச்சிப் பொரிப்பார். கூடவே உருளைக்கிழங்கு, வெங்காயம், டப்பா பீன்ஸ். எனக்குப் பன்றிக் கொழுப்பு ஒத்துக்கொள்ளாது என்று தனியாக எண்ணெய் கொண்டு போனேன். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், கொஞ்சம் சீரகத்தூள் பொட்டலமும். முதல் நாள் ஒரு துண்டு வாங்கி மென்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், "டீச்சர், அந்தச் சிவப்புப் பொடி எங்கே?" என்று கேட்டார்.

அன்று காலை எங்களில் ஒருவர் ஏழு டிரவுட் பிடித்து ஏழையும் விட்டிருந்தார். சந்தோஷத்தில் இருந்தார். சாப்பிடும்போது கைடிடம், "நாங்கள் ஒன்றைக்கூடக் கொல்லவில்லை பார்த்தீர்களா" என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் நெருப்பைத் தள்ளிவிட்டுக் கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எங்க வீட்டில் மீனை வைத்து விளையாடினால் பாட்டி கையில் அடிப்பாள். பசிக்காமல் எதற்கு அதன் வாயில் முள்ளைக் குத்த வேண்டும் என்பாள். இப்போது அந்த விளையாட்டுக்குத்தான் எனக்குச் சம்பளம்." கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரிதான் சொன்னார்.

இது அவர் ஒருவருடைய எண்ணம் என்று நினைத்தேன். பின்பு விசாரித்ததில், வடக்கே டெனே, கிரீ மக்களில் பல பெரியவர்கள் இதையே சொல்கிறார்கள் என்று தெரிந்தது. தன்னைக் கொடுக்க வந்த மீனைத் திருப்பி அனுப்புவது அவமரியாதை என்பது அவர்கள் கட்சி. கேம்ப் நடத்துகிறவர்கள் கட்சி, விடாவிட்டால் மீனும் இல்லை, தொழிலும் இல்லை, அந்தப் பெரியவருடைய சம்பளமும் இல்லை என்பது. இரண்டும் உண்மைதான். இதில் நான் நீதிபதி இல்லை. ஆனால் இந்த வழக்கு சும்மா பேச்சு வழக்கு இல்லை என்பதற்கு அந்தப் பகுதியிலேயே ஒரு கதை இருக்கிறது.

ரெட் லேக் போகிற வழியில் ட்ரைடன் என்ற ஊர் அதிக தூரமில்லை. அங்கே காகிதக்கூழ் ஆலையைச் சேர்ந்த ரசாயனத் தொழிற்சாலை ஒன்று 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசத்தை வாபிகூன் ஆற்றில் விட்டது. கெமிஸ்ட்ரி நண்பர்களுக்குத் தெரியும், உலோகமாகக் கிடக்கிற பாதரசம் ஒரு மாதிரி. சேற்றிலுள்ள பாக்டீரியா அதை மீத்தைல் பாதரசமாக மாற்றிவிட்டால் அது வேறு பிசாசு. புழுவிலிருந்து சிறுமீன், சிறுமீனிலிருந்து பெருமீன் என்று படிப்படியாகச் சேர்ந்து கொண்டே போகும். ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்த கிராஸி நேரோஸ், வைட்டாக் என்ற இரண்டு அனிஷினாபே ஊர்க்காரர்களுக்கும் மீன்தான் சாப்பாடு, மீன்பிடிக் கேம்புகளில் கைடு வேலைதான் வருமானம். 1970ல் அரசாங்கம் வணிக மீன்பிடிப்பை நிறுத்தியது. பால் லேக் லாட்ஜ் என்ற பேர்போன கேம்பை அதன் சொந்தக்காரர் அந்த வருஷமே மூடிவிட்டார். மற்ற சிலர் மூடவில்லை. பிடிக்கலாம், சாப்பிட வேண்டாம், விளையாட்டுக்குப் பிடித்துவிட்டுப் போங்கள் என்று தொழில் நடந்தது. வெளியூர்க்காரர் வாரக் கடைசியில் விமானம் ஏறிவிடுவார். கைடு அங்கேயே இருக்க வேண்டும். 1975ல் ஜப்பானிலிருந்து, மினமாட்டா நோயை ஆராய்ந்த டாக்டர் ஹரதா வந்து பார்த்து, இங்கும் அதே அறிகுறிகள் என்று சொன்னார். நிவாரண ஒப்பந்தம் 1980களின் நடுவில்தான் வந்தது. ஆற்றைச் சுத்தம் செய்ய 85 மில்லியன் டாலர் தருவதாக ஒன்டாரியோ அரசு 2017ல் சொன்னது. கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள், பாதரசம் ஆற்றில் விழ ஆரம்பித்து ஐம்பத்தைந்து வருஷம் கழித்து. கொடைக்கானலில் 2001ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

எங்கள் பெரியவருக்கு கிராஸி நேரோஸில் சொந்தக்காரர்கள் உண்டு. 'விளையாட்டு' என்ற வார்த்தை அவர் காதில் எப்படி விழும் என்பதை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கெனோராவுக்குப் பக்கத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் இருக்கின்றன, 1968லிருந்து. அதில் ஓர் ஏரியில் 2001லிருந்து ஏழு வருஷம் விஞ்ஞானிகளே சிறிதளவு அடையாளமிட்ட பாதரசத்தைப் போட்டு, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்திய சில வருஷத்திலேயே மீன்களில் அளவு நன்றாக இறங்கிவிட்டது. புதிதாக விழுவதை நிறுத்தினால் பலன் உண்டு என்பதற்கு அது கண்கூடான சாட்சி. ஆலைக்குக் கீழே வண்டலில் டன் கணக்கில் புதைந்து கிடப்பது வேறு கதை.

இதெல்லாம் தெரிந்த பிறகு நாங்கள் மீன் பிடிப்பதை நிறுத்தவில்லை. முறை மாறியது. மத்தியானத்துக்கு நாலு பேருக்கும் கைடுக்கும் எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குச் சின்ன பிக்கரல், பதினைந்து பதினாறு அங்குலம் உள்ளது, இருபது அடிக்கு மேலே உள்ள தண்ணீரில் பிடிப்போம். சின்ன மீனில் பாதரசமும் குறைவு. முட்டையிடுகிற பெரிய தாய்மீனும் பிழைக்கும். டிரவுட் ஆளுக்கு ஒன்று. பெரிதாக இருந்தால் தண்ணீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றுவோம். அடுத்ததற்கு இறக்க மாட்டோம். ஏழு மீன் விட்ட நண்பருக்கு முதல் வருஷம் இது கசப்பாக இருந்தது. "இவ்வளவு காசு கொடுத்து வந்து மத்தியானத்துக்கு மேலே என்னய்யா செய்யறது?" என்றார். பெரியவர் அவருக்கு மீன் அறுக்கக் கற்றுக் கொடுத்தார். இப்போது எங்கள் நாலு பேரில் அவர் அறுப்பதுதான் சுத்தம்.

பெரியவர் இப்போது கைடு வேலைக்கு வருவதில்லை, முழங்கால் வலி. அவர் பேரன் வருகிறான். அவனிடம் எதிரொலிக் கருவி இருக்கிறது. திரையைப் பார்த்து மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடுவான். போன ஜூலையில் எண்பது அடியில் ஒரு பெரிய கோடு தெரிந்தது. நான் தூண்டிலை எடுத்தேன். அவன், "டீச்சர், உங்களுடையதைக் காலையிலேயே பிடித்துவிட்டீர்கள்" என்றான். இயந்திரத்தைத் தட்டிக் கரைக்குத் திருப்பிவிட்டான்.

செயலாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். கடைசியாக ஒன்று, நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது மூன்று பேர் "அடுத்த தடவை எங்களையும் கூட்டிக்கொண்டு போ" என்றீர்கள். தாராளமாக வாருங்கள். ஜனவரிக்குள் தகவல் சொல்ல வேண்டும், விமானத்தில் இடம் சீக்கிரம் போய்விடும். ஆளுக்கு ஒரு பைதான். வலைத் தொப்பி நான் வாங்கி வைக்கிறேன். மிளகாய்த்தூள் மட்டும் இங்கேயிருந்தே அரைத்துக் கொண்டு வாருங்கள், பேரனுக்கும் அது பழகிவிட்டது.